பச்சை நூலில் நாலு முடிச்சு

பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு ஸ்பேனரைவிட நூல் முக்கியம் சார். சொன்னால் சிரிப்பார்கள். ஒரே மாதிரி நாலு குழாய் இருந்தால், கழற்றுகிற நேரத்தில் எது எங்கே இருந்தது என்று நன்றாகத் தெரியும். ஒரு வாரம் கழித்து மாட்டப் போகும்போது தலையும் புரியாது, வாலும் புரியாது. காகிதத்தில் எண் எழுதி ஒட்டினால் ஆயிலில் ஊறி விழுந்துவிடும். பெயின்ட் வைத்தால் பெட்ரோல் பட்டுக் கரைந்துவிடும். நூல் அப்படியே இருக்கும். முதல் குழாய்க்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு, இப்படியே நாலு வரை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே வரிசை சொல்லிவிடலாம். என் தங்கச்சி தையல் கடை வைத்திருக்கிறாள். மிச்ச நூல் எல்லாம் எனக்குத்தான் வரும்.

நீங்கள் கொடுத்த காகிதத்தைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போடத் தடையில்லை. ஒரே ஒரு இடம்தான் உறுத்துகிறது. மூன்றாவது பத்தியில் 'திருடி' என்று ஒரு சொல் வருகிறது. அந்தச் சாமானை என் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், தன் வாயாலேயே 'எடுத்துக்கோங்க மச்சான்' என்று சொல்லிக் கொடுத்தார். அது எந்தச் சந்தர்ப்பத்தில் என்பதைப் புரிந்துகொள்ள முதலிலிருந்து ஆற அமரச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அவசரம் இல்லை என்றால் சொல்கிறேன்.

எனக்குத் தராசு பழுதுபார்க்கும் வேலை. கடைத் தராசுகளைப் பிரித்து, சுத்தம் செய்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்துக் கொடுப்பேன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. பத்து கிராம் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்ட ஆள் பழைய ஃபோக்ஸ்வேகன் கூபே ஒன்றை வாங்கியது ஏன் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். இரண்டே கதவு. கூரை பின்னால் சரிந்து இறங்கும். பின் சீட்டில் குழந்தைகளைத் தவிர யாரும் உட்கார முடியாது. எனக்குக் குழந்தை இல்லை, மனைவியும் போய்ச் சேர்ந்தாள், அதனால் அது ஒரு குறையாகப் படவில்லை. ஒரு பல் டாக்டர் வீட்டுக் கொட்டகையில் எலி கூடு கட்டிக் கிடந்த வண்டியை எடுத்து வந்து, அங்குலம் அங்குலமாகச் சரிசெய்தேன். ஒன்றே ஒன்றைத் தவிர.

பெட்ரோலை அளந்து நாலு சிலிண்டருக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுக்க ஒரு இரும்புச் சாமான் உண்டு. இரண்டு கைக்குள் அடங்கும். மெக்கானிக்குகள் அதை ஃபியூயல் ஹெட் என்பார்கள். என்னைப் பொறுத்தவரை அதுவும் ஒரு தராசுதான். என் வண்டியில் இருந்தது வருஷக்கணக்காக ஓடாமல் கிடந்து உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது. இரண்டு வருஷம் தேடினேன். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அலைந்த கதைதான். பழைய இரும்புக் கிடங்குகள், கடல் கடந்த விற்பனையாளர்கள், கூபே வைத்திருப்பவர்களின் குழுக்கள், ஒன்றையும் விடவில்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். ஒருமுறை நாற்பது நாள் காத்திருந்து பெட்டியைப் பிரித்தால் ஐந்து வாய் உள்ள ஹெட் இருந்தது. என் வண்டிக்கு நாலு வாய். அன்றைக்கு அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதேன் சார். சொல்ல வெட்கமாக இல்லை.

பழைய வண்டி வியாபாரி ஒருவர் இருக்கிறார். எந்தக் கொட்டகையில் எந்த வண்டி கிடந்தாலும் அவருக்குச் சேதி வந்துவிடும், அதனால் 'காது' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர்தான் இன்னொரு கூபே இருப்பதாகச் சொன்னார். அதே வருஷம், அதே எஞ்சின், ஓடாத வண்டி. சாமான்களுக்காகப் பிரிக்கலாம் என்று எடுத்தேன். நான் இருப்பது மூன்றாவது மாடி, கீழே ஒரு வண்டிக்குத்தான் இடம். மாப்பிள்ளை வீட்டுப் பக்கவாட்டில் ஷெட் இருந்தது. வண்டி நிற்கிற முகவரியும் பதிவுப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும் என்று அவர் பேரில் எழுதச் சொன்னதும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

மாப்பிள்ளை பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். கொஞ்சம் சதைப்பிடிப்பான ஆள், எதற்கும் சிரிப்பார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போன முதல் ஞாயிற்றுக்கிழமை, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதைப் போய்ப் பிரிக்கணுமா மச்சான்? பாவமா இருக்கு. ஓட்டிப் பார்த்தா என்ன?"

"ஓடாது மாப்ளே."

"நீங்க சொல்லிக் குடுங்க. நான் ஓட வெக்கறேன்."

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். இங்கே இடம் கொடுத்தவரே வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன், ஏனென்றால் பக்கத்தில் தங்கச்சி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கழற்றின போல்ட்டைத் தொலைக்காதே, அது இருந்த குழியிலேயே கையால் திருகி வை. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, வண்டியைத் தாங்க இரண்டு இரும்பு ஸ்டாண்டு வை. கழற்றின சக்கரத்தை ஓரமாகச் சாய்க்காதே, வண்டிக்கு அடியிலேயே படுக்கப் போடு. எது சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும், ஆள் தப்பிப்பான். அவரிடம் ஜாக்கியும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. என்னுடையவற்றைத்தான் கொடுத்திருந்தேன்.

எட்டு மாதத்தில் அந்த வண்டி ஓடியது. என்னுடையது நின்றது. தங்கச்சியை முன் சீட்டில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றி வந்தார். நான் ஷெட் வாசலில் நின்றேன். அவர் பின் சீட்டைக் காட்டி, "வாங்க மச்சான், கொஞ்சம் குறுக்கி உட்கார்ந்துக்கலாம்" என்றார். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் வயிறு எரிந்தது.

பிறகு ஒரு நாள் கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். எனக்கு ஹெட் மட்டும் வேண்டும், மற்றதெல்லாம் உங்களுக்கு என்றேன். "அதைக் குடுத்துட்டா வண்டி நின்னுடுமே மச்சான். வேற எது வேணும்னாலும் கேளுங்க" என்றார், சிரித்துக்கொண்டே. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னது இது: காலை பத்தே காலுக்குப் போனேன், மாப்பிள்ளை முன்பக்கம் அச்சில் கிழிந்த ரப்பர் உறையை மாற்றிக்கொண்டிருந்தார், எனக்கு வேலை இருக்கிறது என்று என் ஸ்டாண்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், பானட்டைக்கூடத் திறக்கவில்லை. ஜாக்கி பழசு, ஆயில் கசியும், அதனால் வண்டி இறங்கியிருக்கலாம் என்றும் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டு போனீர்கள். அதில் ஸ்டாண்டை எடுத்ததும் ஜாக்கி கசிவதும் உண்மை. கசிவை நிறுத்தும் ரப்பர் வளையம் அந்த வியாழக்கிழமையே தபாலில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. விட்டுப்போன மற்றவற்றைச் சொல்கிறேன்.

நான் போனபோது மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே. ஸ்டாண்டு எனக்கு வேண்டும் என்றேன். "இன்னும் அரை மணி நேர வேலைதான் மச்சான்" என்றார். ஜாக்கியை ஏற்றி வைத்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன், சக்கரம் அடியில் இருக்கிறதல்லவா என்றேன். "நீங்க சொன்னா சரி" என்றார். அவர் வெளியே வரவில்லை, நானும் வரச் சொல்லவில்லை. ஜாக்கியை நாலு அடி அடித்து ஏற்றி, இரண்டு ஸ்டாண்டையும் உருவி என் வண்டிச் சாமான்களோடு வாசலில் வைத்தேன்.

வாசலோடு போகவில்லை. ஷெட்டுக்குள் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை ஏதோ பேக்கரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், அடுப்புக்காரன் கல்யாண கேக்கில் பெயரை மாற்றி எழுதியது பற்றி. நானும் சிரித்தேன். ஜாக்கி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது, ஆனால் மிக மெதுவாக. இருபது நிமிஷத்தில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. மாப்பிள்ளை வேலையை முடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் கிளிப்பைக் கேட்டுக் கையை நீட்டினார், எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் ஜாக்கியின் கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினேன். கால் சுற்று. முழுச் சுற்று இல்லை. முழுதும் திறந்தால் தடாலென்று இறங்கும், அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. மெத்தென்று இறங்கிச் சக்கரங்களின் மேல் உட்கார்ந்தது. முன்பக்கம் ஐந்நூறு கிலோவுக்கு மேல். சக்கரம் தாங்கியது போக அவர் நெஞ்சின் மேல் எவ்வளவு என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். அறுபது, எழுபது. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. அரை மணி நேரம் தாங்கலாம் என்று நினைத்தேன். எனக்குத் தேவை அந்த அரை மணி நேரம்தான். ஒல்லியான ஆளாக இருந்தால் உண்மையிலேயே ஒன்றும் ஆகியிருக்காது.

"மச்சான், ஜாக்கி" என்றார். மூச்சு முழுதாக வரவில்லை.

"இதோ மாப்ளே, ஒரு நிமிஷம்" என்று பானட்டைத் திறந்தேன்.

முதலில் குழாயில் இருந்த அழுத்தத்தை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் பெட்ரோல் பீய்ச்சும். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக மாப்பிள்ளையின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. பெட்ரோல் கண்ணில் பட்டால் எரியும் என்று அந்தச் சந்தில் பழைய துணியை மடித்து வைத்தேன். பிறகு முதல் குழாயைக் கழற்றி, நூலைக் கட்டி, ஒரு முடிச்சுப் போட்டு, குழாயின் வாய்க்கு பிளாஸ்டிக் மூடி போட்டேன். தூசி போனால் பெட்ரோல் தெளிக்கிற ஊசி அடைத்துக்கொள்ளும்.

ஸ்பேனர் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. "என்ன பண்றீங்க மச்சான்?" என்றார். நான் இரண்டாவது குழாயில் ஸ்பேனரைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே விளங்கிவிட்டது. வேலை தெரிந்தவர்தான், நான் சொல்லிக்கொடுத்த ஆள்தானே. "எடுத்துக்கோங்க" என்றார். "எடுத்துக்கோங்க மச்சான்."

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள், நான் இருக்கிறேன்.

இரண்டாவது குழாயில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தங்கச்சி. கை முழுக்க ஆயில், முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, அவர் போனையே எடுக்க மாட்டேங்கறார். நீ அங்கதான் இருக்கியா?"

"இல்லம்மா, நான் அப்பவே வந்துட்டேன். அவர் வண்டிக்கு அடியில இருப்பார், கை எல்லாம் ஆயிலா இருக்கும்."

"சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போகலாமான்னு பார்த்தேன். கடையில கூட்டமும் இல்ல."

"ஒரு மணிக்குப் போம்மா. பாதி வேலையில போய்க் கூப்பிட்டா கோபப்படுவார்."

"அவரா கோபப்படுவார்" என்று சிரித்தாள்.

அடியிலிருந்து மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். அவள் பெயரைத்தான் என்று நினைக்கிறேன். தொண்டைக்கு மேலே ஏறவில்லை. ஆனாலும் ஒரு மாதிரி சத்தம் வந்தது. நான் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டேன்.

"என்ன அண்ணே சத்தம்?"

"ஸ்பேனர் விழுந்துடுச்சும்மா. வெச்சிடறேன்."

இரண்டு முடிச்சும் போட்டேன். மூன்றாவது குழாய் எப்போதும் சண்டித்தனம் பண்ணும், கை வைக்க இடம் இருக்காது. அதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு முறை ஜாக்கியைப் பார்த்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு அடி அடித்தால் வண்டி ஏறிவிடும். ஆனால் ஏற்றினால் மாப்பிள்ளை எழுந்து வருவார். வந்து என் முகத்தைப் பார்ப்பார். பாதி கழற்றின வேலையோடு அதை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. முடித்துவிட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எந்த வேலையையும் நான் பாதியில் விட்டதில்லை.

மூன்று முடிச்சுப் போட்டு முடித்தபோது அவர் 'எடுத்துக்கோங்க' என்று இன்னொரு முறை சொன்னார். அப்போது சத்தம் இல்லை, காற்றுத்தான். நாலாவது குழாய் சுலபமாக வந்தது. நாலு முடிச்சும் நிதானமாகத்தான் போட்டேன். அந்த நேரத்தில் அடியில் எந்தச் சத்தமும் இல்லை. துணியை எடுத்துப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

அப்போது மணி பதினொன்று ஐம்பது. ஹெட்டைத் தூக்கி எடுத்தேன். போல்ட்டுகளை அதது குழியில் கையால் திருகி வைத்தேன். பானட்டைச் சத்தமில்லாமல் மூடினேன். ஜாக்கியின் கைப்பிடியையும் வலப்பக்கம் திருப்பி இறுக்கினேன், அடுத்து எடுப்பவர்கள் ஏமாந்துவிடக்கூடாது என்று.

தங்கச்சி ஒரு மணிக்குப் போனாள். அவள் எனக்குத்தான் முதலில் போன் பண்ணினாள். ஆஸ்பத்திரியில் அவள் கூடவே நின்றேன். ஒன்றரை மணி நேரம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னபோது, அவள் தலையில் அடித்துக்கொண்டாள். 'நான் சாப்பாட்டோட போயிருக்கணும், நான் போயிருக்கணும்' என்று. நான்தான் தேற்றினேன். சாயங்காலம் மாற்றுச் சட்டை எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு வந்து ஹெட்டை மாட்டினேன். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது சார். கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்து. நாலு சிலிண்டரும் ஒரே சீராக, தராசு முள் நடுவில் நிற்கிற மாதிரி. மறுநாள் பிரேதப் பரிசோதனை முடிந்து தங்கச்சியை அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். "இது எப்ப ஓட ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள். சரி பண்ணிட்டேம்மா என்றேன். அவளுக்கு இருந்த நிலைமையில் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று காதுவை வரச்சொன்னாள். எனக்கு ஒன்றும் தெரியாது, நீயும் வா என்று என்னையும் கூப்பிட்டாள். நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். காது பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முக்கியமான சாமானையே காணோமேம்மா" என்றார். "ஆனா எடுத்தவன் சாதாரண ஆள் இல்ல. வாய்க்கெல்லாம் மூடி போட்டிருக்கான், போல்ட்டைத் திரும்ப மாட்டியிருக்கான். நூல் கட்டி வரிசை வேற வெச்சிருக்கான்."

தங்கச்சி குனிந்து நூலைத் தொட்டுப் பார்த்தாள். கிளிப்பச்சை. ஒரு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தைக்க வரவழைத்த நிறம் அது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும், 'இந்த நிறத்தை இனிமே யாரும் கேட்கமாட்டாங்க, உன் வண்டிக்கு வெச்சுக்கோ' என்று மிச்சத்தை என் கையில் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது என் பையில் இருந்தது. வேறு நூல் எடுத்துப் போக எனக்குத் தோன்றவில்லை.

அவள் அழவில்லை. முதல் குழாயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முடிச்சாக விரலால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. காது ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணே, நான் போன் பண்ணினப்ப எத்தனாவது முடிச்சுல இருந்தே?"

"ரெண்டாவது" என்றேன். அவளிடம் நான் கணக்கில் பொய் சொன்னதில்லை.

அவ்வளவுதான் சார். அதற்குப் பிறகு அவள் உங்களைக் கூப்பிட்டாள். இந்தக் காகிதத்தில் கொலை என்று எழுதியிருக்கிறது. இருக்கட்டும். ஸ்டாண்டு, ஜாக்கி, கால் சுற்று, அதெல்லாம் இப்போது சொன்னபடியே சேர்த்துக்கொள்ளுங்கள், நேரத்தையும் பதினொன்று ஐம்பது என்று திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாவது பத்தியில் இருக்கும் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். என் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் சாமானைத் தொட்டதில்லை. தங்கச்சி அதைப் படிக்கும்போது அண்ணன் திருடன் என்று நினைக்கக்கூடாது.

கேட்டு வாங்கியது அது. மாப்பிள்ளை 'எடுத்துக்கோங்க' என்றார். ஒரு தடவை இல்லை சார், மூன்று தடவை சொன்னார்.